நொச்சி மருந்தில் ஒரு மரணம்!

"கொலகாரி!"

பிணவறை வாசலில் எழுந்த அந்த அலறலில், டாக்டர் நந்தனாவின் கையிலிருந்த தேநீர் தளும்பிப் புடவையில் கொட்டியது.

உள்ளே கிடந்தவர் ஜான்ரோஸ். யானைக்கால் நோய் கொண்ட ராஜாக்கமங்கலத்து மீனவர். காலையில் கரையில் வலை உதறிக்கொண்டு நின்றவர், அப்படியே மணலில் சாய்ந்துவிட்டார்.

வெளியே அலறியவர் அவருடைய தம்பி ததேயுஸ். அண்ணனை உரித்து வைத்த முகம்!

"எனக்க அண்ணனக் கொன்னுபோட்டியளே டாக்டரம்மா! நொச்சி எலச் சாறுதான், பச்சப்பிள்ளைக்கும் குடுக்கலாம்னு சொன்னியளே!"

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற மனிதரிடம் போய்த் திருத்தம் சொல்ல முடியுமா?

யானைக்கால் புழுவைக் கொல்ல நொச்சியிலிருந்து ஒரு மருந்து... அதுதான் நந்தனாவின் ஆராய்ச்சி. மருந்துக்கு ஒரே ஒரு கெட்ட குணம். பழுதான இதயத்தின் துடிப்பைக் குழப்பிவிடும். அதனால் முகாம் போட்டு, ஈசிஜி எடுத்து, நெஞ்சு நன்றாக இருப்பவர்களை மட்டுமே சேர்த்தாள்.

அதிலும் பாதிப் பேருக்குத்தான் மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே வாசனையில் சர்க்கரைத் தண்ணீர். யாருக்கு எது என்பது சென்னை அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும்.

'என் மருந்தா இவரைக் கொன்றது?'

அந்தக் கேள்வி அவளை அரித்துத் தின்றது.

இன்ஸ்பெக்டர் முருகதாஸ் பிணவறையிலிருந்து வெளியே வந்தார்.

"டாக்டர், கொஞ்சம் ஓரமா வாங்க. செத்தவரோட ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் இருக்காம். பழைய ஹார்ட் அட்டாக் தழும்பும் பெருசா இருக்காம். இவரை எப்படிச் சேர்த்தீங்க?"

நந்தனா வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"இருக்கவே முடியாது! அவ்வளவு பெரிய தழும்பு ஈசிஜியில தெரியாமப் போகாது. முகாம்ல நர்ஸ் எடுத்த அவர் ஈசிஜியை நானே பார்த்தேன் சார். சுத்தமா இருந்துச்சு!"

"அப்ப மெஷின் பொய் சொல்லிச்சா?"

"மெஷின் பொய் சொல்லாது..."

சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அதே நெற்றி... அதே மூக்கு... அதே மீசை!

"சார்... ததேயுஸுக்கு ஒரு ஈசிஜி எடுக்கணும்."

"அழுதுக்கிட்டு நிக்கிறவருக்கா?"

"இப்பவே!"

அழைத்து வந்தார்கள். கட்டிலைப் பார்த்ததுமே ததேயுஸின் அழுகை நின்றுபோனது.

"சட்டையக் கழத்தும்வே," என்றார் முருகதாஸ்.

ததேயுஸ் ஒரு பொத்தானைக் கழற்றினார். மறுகணம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம் சாரே... நாந்தான்! முகாம்ல அண்ணனுக்குப் பதிலா நாந்தான் படுத்தேன்!"

"எதுக்கு?" நந்தனா குனிந்து கேட்டாள்.

"முன்ன மஸ்கட்டுக்குப் போவும்போதும், அவனுக்க கால மறைக்க நாந்தான் அவனுக்குப் பதிலா மெடிக்கலுக்குப் படுத்தேன். பாஸாச்சு. இதும் அதுபோலன்னு நெனச்சுட்டேன்... அங்கவச்சு அட்டாக் வந்தத எனக்கிட்ட மட்டுந்தான் சொன்னான்."

"உயிரை விடவா கால் பெருசு?"

"அடுத்த மாசம் மக பிரீனாவுக்குக் கல்யாணம். ஷூ போட்டு, அவ கையப் பிடிச்சுக் கோயிலுக்குள்ள நடக்கணும்னு ஒரே வாசி, பிடிவாதம்!"

நந்தனா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்ததைக் கேட்கவே பயமாக இருந்தது.

"நெஞ்சுக்கு மாத்திரை...?"

"அத உங்க மருந்து தொடங்குன அண்ணைக்கே நிறுத்திட்டான். வேற மருந்து திங்கப்பிடாதுன்னு நீங்க சொன்னியள்லா... 'டாக்டரம்மாகிட்ட ஒரு பொய் சொல்லியாச்சு, ரெண்டாவது வேண்டாம்டே'ன்னான்."

பாவி மனிதர்! அந்த இரண்டாவது பொய்யையும் சொல்லியிருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாரோ?

"டாக்டரம்மா... அப்ப நான் படுத்ததுனாலதான் அந்த மருந்து அவனக் கொன்னுதா?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சென்னை அலுவலகம்... காலையிலேயே அவள் கேட்டிருந்த பதில்!

கேட்டாள். போனை வைத்தாள். மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே... உங்க அண்ணன் குடிச்சது மருந்தே இல்ல. வெறும் சர்க்கரைத் தண்ணி. மாத்திரையை நிறுத்தினதுலதான்..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ததேயுஸ் அவளையே வெறித்தார்.

"சர்க்கரத் தண்ணியா? காலு வத்திப்போச்சுடேன்னு சிரிச்சானே... புது ஷூவும் வாங்கியாச்சே டாக்டரம்மா!"

நந்தனாவின் மருந்து தப்பித்தது. அவளும் தப்பித்தாள். ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள்.

ததேயுஸ் இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"என்னக் கொண்டுபோங்க சாரே."

முருகதாஸ் தொப்பியைக் கழற்றினார். கண்ணோரம் துடைத்துக்கொண்டார்.

"நீரு போயி பிரீனாகூட இரும்வே. ஆள்மாறாட்டக் கேஸ்ல முதல் குற்றவாளி உம்ம அண்ணன்... அவரு போன ஊருக்கு நம்ம ஜீப்பு போவாது!"