மூன்றாவது சுற்றில் கொதிக்கும் கார்

தை மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. காலை ஐந்தரைக்குக் கோயம்புத்தூரின் எல்லா வீட்டுச் சுவர்களும் ஒரே குரலில் அறிவித்தன: "இன்று மாலை ஆறு மணி வரை வெப்பம் அனுமதிக்கப்படுகிறது."

பூங்கோதை அதற்கு முன்பே எழுந்து ரேடியேட்டருக்கான தண்ணீரைக் கேன்களில் பிடித்து வைத்திருந்தாள். தெருவில் பரண்களிலிருந்து அடுப்புகள் இறங்கிக்கொண்டிருந்தன. எதிர்வீட்டில் யாரோ இரும்புக் கடாயைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

நகரத்தின் மேல் குளிர்க்கூரையைப் போர்த்தி நாற்பது வருடங்கள் ஆகின்றன. சித்திரையில் வெளியே ஐம்பத்து மூன்று டிகிரி கொதித்தாலும் உள்ளே எப்போதும் இருபத்து நான்குதான். அந்தக் குளிர்ச்சி நிலைக்க வேண்டுமென்றால் உள்ளே எதுவும் சூடாகக் கூடாது. தீ கூடாது, அடுப்பு கூடாது, எஞ்சின் கூடவே கூடாது. சோறு ஊருக்கு வெளியே வெந்து குழாய்வண்டியில் வந்தது. வருடத்தில் ஒரு நாள் மட்டும் கூரையின் சன்னல்களைத் திறந்துவிட்டு, ஆசைப்பட்டதைச் சூடாக்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவார்கள்.

பூங்கோதையும் அவள் கணவன் ரங்கதுரையும் சூடாக்க ஆசைப்பட்டது செவ்வந்தியை. காயலான் கடையில் கிடந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை எட்டு வருடம் உழைத்து அவர்கள் மாற்றியமைத்திருந்தார்கள். பெரிய எஞ்சின், அகலமான டயர், வேகத்தைக் கூட்ட ரங்கதுரை தேடிப்பிடித்துப் பொருத்திய டர்போ. செட்டிபாளையம் தாண்டிக் கூரையின் விளிம்புக்குள் இருக்கும் பழைய பந்தயத் திடலில் பத்துச் சுற்று ஓட்ட வேண்டும். அதுதான் கனவு. ஆனால் செவ்வந்தி மூன்றாவது சுற்றைத் தாண்டியதே இல்லை. தண்ணீர் நூற்றுப்பத்து டிகிரியைத் தொட்டால் கண்காணிப்பாளர் சிவப்பு முத்திரை குத்திவிடுவார். ஏற்கெனவே இரண்டு வருடம், இரண்டு முத்திரை. மூன்றாவது விழுந்தால் வண்டி உருக்காலைக்குப் போகும்.

"எல்லாம் உங்க டர்போ பண்ற வேலைங்க. கழட்டிப்போடலாம்னாக் கேக்கறீங்களா?" என்றாள் திடலுக்குப் போகும் வழியில்.

"டர்போவக் கழட்டறதுக்கா கண்ணு எட்டு வருசம் உக்காந்தோம்?" என்றான் ரங்கதுரை.

திடல் முழுக்கப் புகை வாசனை. செவ்வந்தியை நிறுத்திய இடத்துக்கு நேர் எதிரே மெஹருன்னிசா என்ற பெண் விறகடுப்பு மூட்டி மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுவதைவிடத் தீயைப் பார்க்கத்தான் கூட்டம் நின்றது.

ஓட்டத்துக்கு முன் இரண்டு சுற்று வெள்ளோட்டம் விட அனுமதி உண்டு. பூங்கோதை ஓட்டினாள். இரண்டாவது சுற்றின் முடிவில் முள் நூற்று நான்கில் நின்றது. வண்டியை இடத்துக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைக்காமல் விட்டாள். வழக்கம்போல முள் மெல்ல இறங்கித் தொண்ணூற்று இரண்டுக்கு வந்தது.

"நிக்கறப்ப நல்லாத்தான் இருக்குது. ஓடறப்பத்தான் கொதிக்குது. காத்து அடிக்க அடிக்கச் சூடாகற வண்டி இது ஒண்ணுதானுங்க" என்றாள்.

ரங்கதுரை உள்ளங்கையளவு நோய்காணியை எஞ்சின்மேல் ஒட்டினான். "தண்ணீர் பம்ப், சரி. தெர்மோஸ்டாட், சரி. விசிறி, நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்று, சரி. குறை ஏதுமில்லை" என்று அது சொன்னது. போன வருடமும் இதையேதான் சொல்லியிருந்தது. நோய்காணி சரியென்று சொன்ன பிறகு மேலே கேள்வி கேட்கும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

அப்போது எதிரிலிருந்து மெஹருன்னிசா கத்தினாள். "ஏனுங்க! உங்க வண்டியக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க! அது ஊதற ஊதுல என்ற அடுப்பு அணைஞ்சு போகுது!"

"மன்னிச்சுக்கங்கக்கா" என்று ரங்கதுரை ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போனான்.

"இருங்க" என்றாள் பூங்கோதை. "அக்கா, என்ன சொன்னீங்க? ஊதுதா?"

"பின்னே? சாம்பலெல்லாம் மூஞ்சியில அடிக்குது."

"வண்டி காத்தை உள்ள இழுக்கணும்க்கா. ஊதக் கூடாது!"

அவள் ஓடிப்போய்ப் புகைந்துகொண்டிருந்த தேங்காய் மட்டை ஒன்றை அடுப்பிலிருந்து உருவிவந்து செவ்வந்தியின் முன்வாயருகே பிடித்தாள். புகை உள்ளே போகவில்லை. நேராகத் திரும்பி அவள் முகத்தில் அடித்தது. இருமிக்கொண்டே சிரித்தாள்.

ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் விசிறி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கும்போது காற்று எந்தப் பக்கம் போனாலும் ரேடியேட்டர் ஓரளவு ஆறிவிடும். ஓடும்போதோ முன்னாலிருந்து வரும் காற்றும் விசிறி தள்ளும் காற்றும் நடுவில் முட்டி நின்றுவிடும். நோய்காணிக்குச் சுற்றை எண்ணத் தெரியும். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அதனிடம் யாரும் கேட்டதில்லை.

பூங்கோதையின் சிரிப்பு சட்டென்று நின்றது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம். புதிய பெரிய விசிறி. இரண்டுமே கறுப்பாக இருந்த இரண்டு வயர்கள்.

"ஏனுங்க..." என்றாள். "அந்த விசிறிக்கு வயர் மாத்திக் குடுத்தது நான்தானுங்க."

ரங்கதுரை அவளையே பார்த்தான். பிறகு டயர்மேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "மூணு வருசமா என்ற டர்போவத் திட்டுனியே கண்ணு!"

கண்காணிப்பாளர் எட்வின் வந்து நின்றார். "பத்து நிமிசத்துல ஓட்டமுங்க. இன்னைக்கு சிவப்பைத் தொட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வேணும்னா இந்த வருசம் விட்டுடுங்களேன்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "விடமாட்டோமுங்க" என்றான் ரங்கதுரை.

வயர்களை மாற்றும்போது அவள் விரல் எஞ்சினில் பட்டுச் சுட்டது. உதறிக்கொண்டாளே தவிர நிறுத்தவில்லை. மறுபடி மட்டையைப் பிடித்தபோது புகை வளைந்து, நூல் இழுத்ததுபோல உள்ளே போனது. கூட்டம் கைதட்டியது. எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

முதல் சுற்று, தொண்ணூறு. இரண்டாவது, தொண்ணூற்று ஒன்று. மூன்றாவதில் அவள் சாலையைப் பார்த்ததைவிட முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். தொண்ணூற்று மூன்று. அங்கேயே நின்றது. நான்காவது சுற்றில் அவள் முதன்முறையாக டர்போவை முழுசாக அவிழ்த்துவிட்டாள். செவ்வந்தி பிளிறியது. அவளும் கூடவே கத்தினாள். அதன் பிறகு எண்ணுவதையே மறந்துவிட்டாள். பத்து முடிந்துவிட்டதென்று எட்வின் கொடியை ஆட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

கதவைத் திறந்து இறங்கியவளின் முகம் பளபளவென்று நனைந்திருந்தது. ரங்கதுரை பதறினான். "அழுவறயா கண்ணு?"

"இல்லீங்களே" என்றவளின் உதட்டில் ஒரு துளி இறங்கியது. உப்புக் கரித்தது. நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். "இது வேர்வைங்க! எனக்கு வேர்த்திருக்குதுங்க!"

கூரைக்கு அடியிலேயே பிறந்து முப்பத்தெட்டு வயதானவள் அவள். கூட்டம் நெருங்கிவந்து பார்த்தது. யாரோ கை நீட்டித் தொட்டும் பார்த்தார்கள். எட்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"ஆறு மணிக்கு இன்னும் நேரமிருக்குதுங்க. பக்கத்து சீட்டுல நான் ஒரு ரவுண்டு வரலாமுங்களா? எனக்கும் வேர்க்குதான்னு பாக்கோணும்."

"சார், வரிசையில நில்லுங்க!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் மெஹருன்னிசா. மாவு அப்பிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு, யாரும் அழைக்காமலேயே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.