நடுத்தூணுக்கு ஒரு நிழல்

காலைச் சாப்பாட்டை நீயே பாலத்துக்குக் கொண்டு வந்துவிடு என்று புருஷன் வெல்கோ சொன்னபோது கெரனாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்குப் போட்டிருந்த ஒரே கட்டளை, வேலை நடக்கிற இடத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பதுதான். அங்கே வெயிலில் நின்றால் கொத்தனார் எவனாவது நிழலை நூலால் அளந்துவிடுவான். அந்த நூலைக் கல்லுக்குள் வைத்துப் பூசினால் கட்டடம் நிற்கும். நிழலுக்கு உரியவர் நாற்பது நாளில் போய்ச் சேர்வார். பல்கேரியாவில் பால்குடிக் குழந்தைக்கும் இது தெரியும். போன வருஷம் கரையோரத் தூணுக்காக வெல்கோவே ஒரு ஈயம் பூசுகிறவனை அளந்தான். அவன் செத்த சேதி வந்த அன்று கெரனா புருஷன் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள். யாரோ எவனோதானே.

ஊரே அந்தப் பாலத்தைப் பற்றித்தான் பேசியது. தூணுக்குத் தூண் சிங்கத் தலை, வெள்ளம் புகுந்து போக வளைவுகளுக்கு நடுவே ஜன்னல் போல் திறப்புகள், கைப்பிடிச் சுவர் நெடுக மயிலும் துலிப் பூவும். எல்லாம் வெல்கோவின் கை. ஆனால் பனி உருகும் மாதம் வந்தால் நடுத்தூண் மட்டும் ஆற்றோடு போய்விடும். அவனும் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பான்.

பக்கத்து வீட்டு ஸ்டோய்னா வேலி மேல் எட்டிப் பார்த்தாள். "என்னடி, புது முக்காடெல்லாம்? வெயில்ல பாலத்துக்கா போற? புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"என் புருஷன் அங்க இருக்காருடி. வேற எவன் என் நிழல்ல கை வைப்பான்?"

ஆற்றங்கரையில் நீர்த்த சுண்ணாம்பின் காரமும் சேற்று வாடையும் கலந்து மூக்கில் ஏறின. அவளைக் கண்டதும் உளிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் தண்ணீர் தூணில் மோதும் ஓசை மட்டும் மிச்சமிருந்தது. ஊருக்குள் கண்டால் கேலி பேசுகிற ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இங்க நில்லு கெரனா. உன் முகத்தைத்தான் உச்சிக் கல்லுல செதுக்கப் போறேன். அசையாத."

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. "அவரைக்காய் ஆறிடுமேங்க."

"ஆறட்டும்."

முகத்தைச் செதுக்கப் போகிறவன் ஏன் தரையைப் பார்க்கிறான்? அவன் மண்டியிட்டான். அவள் செருப்பருகே, குதிகாலை உரசாமல், அவன் விரலில் ஒரு சிவப்பு நூல். அது நீண்டது. நிழலின் தலை வரைக்கும் நீண்டது.

"ஏங்க... என்ன பண்றீங்க?"

அவன் நிமிரவில்லை. "இன்னொரு தடவை விழுந்தா என் பேரு என்னாகும், நீயே சொல்லு."

கூடை விழுந்தது. ஐந்து வருஷம் இவனோடு ஒரே தட்டில் தின்றிருக்கிறாள். முதலில் வலித்தது அதுதான். பாய்ந்து நூலைப் பிடுங்கப் பார்த்தாள்.

கால் வரவில்லை.

அவன் நூலைத் தூணின் குழிக்குள் வைத்தான். ஒரு கல். அவள் முழங்கால் குளிர்ந்தது. இன்னொரு கல். இடுப்பு. சுண்ணாம்பு. நெஞ்சு. நாற்பது நாள் என்று சொன்னவர்கள், அந்த நாட்கள் எங்கே கழியும் என்று சொல்லவில்லை. இருமினாள். உள்ளங்கையில் வெள்ளையாய், ஈரமாய்.

வெல்கோ தூணில் காதை வைத்துச் சுத்தியலால் தட்டினான்.

அடி அவள் விலாவில் விழுந்தது.

"வெல்கோ!"

வாயிலிருந்து வரவில்லை அந்தக் குரல். தூணுக்குள்ளிருந்து வந்தது. அவனுக்கும் கேட்டது, கை ஒரு கணம் நின்றது. பிறகு கரண்டி நிறையச் சுண்ணாம்பை அள்ளி, குரல் வந்த இடுக்கில் வைத்து, அழுத்திப் பூசினான்.