உடுக்குறி நீக்கப்பட்ட சொல்

காலை ஒன்பது மணிக்கே அன்றைய கோப்புகள் அனைத்திலும் மொழியறிஞர் பத்மலோசனி கையொப்பமிட்டுவிட்டார். ஆட்சேபங்களைக் கேட்பதற்கு முன்பே கையொப்பமிடுவது சொல் ஒன்றிப்பு ஆணையத்தின் பழக்கம். மேசையில் நிலுவை கிடந்தால் அவருக்கு அருவருப்பு.

கடைசிக் கோப்பு, கல்லைக் குறிக்கும் துருக்கியக் குடும்பச் சொல். துருக்கி மொழியில் தாஷ், கசாக்கில் தாஸ், சுவாஷில் சுல். தேய்ந்து அழுக்கேறிய பிள்ளைகள் என்றே அவற்றை அவர் எண்ணினார். அவற்றை ஒப்பிட்டு அவரே மீட்டெடுத்த மூலவடிவம் ‘தால்’. அதன் தலையில் நட்சத்திர வடிவில் ஓர் உடுக்குறி நின்றது. எவரும் காதால் கேட்டிராத, ஊகித்த சொல் என்பதற்கு மொழியியலாளர் இடும் அடையாளம். பதினொரு மணிக்கு அக்குறி நீங்கும். அதன்பின் உலகில் எல்லோர் தொண்டையிலும் பதித்துள்ள ஒலித்திருத்திச் சில்லு, மூலத்தை மட்டுமே உச்சரிக்கவிடும். ஆட்பெயர்களுக்கும் விலக்கு இல்லை.

“ஒரே ஓர் ஆட்சேபம், மேடம். கேட்ட மாதிரி தலையாட்டிவிடுங்கள்,” என்று, பதினொன்றுக்குச் சில நிமிடங்களே இருக்க, இயக்குநர் அறவாழி சீடையை மென்றபடி வந்தார். எண்ணெய் விரலைக் கோப்பின்மீது வைத்தார். பத்மலோசனி முகம் சுளித்தார்.

திரையில், வோல்கா ஆற்றங்கரை வீடொன்றிலிருந்து பினெர்பி என்ற சுவாஷ் முதியவள் பேசினாள். மொழிபெயர்ப்பி அதைத் தமிழில் தந்தது.

“என் வீட்டுக்காரருக்கு நினைவு தப்பிவிட்டது, அம்மா. என் முகமே தெரியாது. மணமான நாள்முதல் அவரைச் ‘சுல்’ என்றுதான் கூப்பிடுவேன். மண்டை அவ்வளவு கெட்டி! அதற்கு மட்டும் திரும்புகிறார். திரும்பினால்தான் ஒரு வாய் ஊட்ட முடியும்.”

“மூலம் இருக்கும்போது சிதைவு எதற்கு?” அறவாழி சிரித்தார். “அடுத்த மாதம் நம் ‘கல்’லுக்கே முறை வருகிறது. நாங்கள் அழுகிறோமா?”

“உங்கள் மூலத்தைப் பேசிய ஒருவரையாவது காட்டுங்கள், ஐயா,” என்றாள் பினெர்பி.

அறவாழி பத்மலோசனியைப் பார்த்தார். அவர் கோப்பிலிருந்த உடுக்குறியைப் பார்த்தார்.

“நிறுத்தி வையுங்கள்,” என்றார் பத்மலோசனி.

“நீங்கள்தானே ஒன்பதுக்கே கையெழுத்துப் போட்டீர்கள்? மணியைப் பாருங்கள்.”

பதினொன்று.

“இதோ, நீங்களே பாருங்கள்,” என்று பினெர்பி கரண்டியுடன் திரும்பினாள். சன்னலோரம் ஒரு முதியவர் ஆற்றைப் பார்த்து அமர்ந்திருந்தார்.

“தால்,” என்றாள். திடுக்கிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். “தால்! தால்!”

முதியவர் திரும்பவில்லை. கரண்டியிலிருந்து கஞ்சி சொட்டியது.

தாம் கட்டிய சொல்லை ஒரு மனிதக் குரல் சொல்ல, பத்மலோசனி முதன்முறையாகக் கேட்டார்.