வாய் தவறி ஒரு 'வரேன்'

டிக்கெட் ஜன்னலில் இருந்த அம்மா யாரையும் 'வாங்க' என்று சொல்லவில்லை.

கண்டக்டருக்கு முதலில் உறுத்தியது அதுதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரைக் கண்டக்டர் என்றே கூப்பிட்டது. அவர் விசில் ஊதினால் பஸ் மட்டுமா நிற்கும், எதிரே வரும் எருமையும் ஆகாயத்தில் போகும் காக்காயும் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகும். "வாங்க, உள்ள வாங்க, இன்னும் உள்ள வாங்க" என்று சொல்லியே ஒரு ஆயுசைக் கழித்த மனிதர். பழைய தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கவென்று தன்னந்தனியாக மலையேறி வந்த அவரிடம் அந்த அம்மா சீட்டை நீட்டி, "போங்க" என்றாள்.

சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறிய ஒரு குடும்பத்துக்கும் அதே "போங்க". கைக்குழந்தைக்குக்கூடக் கையாட்டவில்லை.

"என்னம்மா, துரத்துற மாதிரியில்ல இருக்கு?"

"ஆமா சார்," என்றாள் அவள். "போங்க."

மனைவி இருந்தவரை வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்பாள். அவளுக்குப் பிறகு அதைச் சொல்ல அவருக்கு ஆளில்லை. வீட்டைப் பூட்டும்போது பூட்டிடமே "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்சம் நிற்பார். பூட்டுக்கு வாய் ஏது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கடைசியாகச் சொன்னது, "நான் போறேங்க". வரேன் என்று சேர்க்க மூச்சில்லையோ என்னவோ. சொன்னபடியே போய்விட்டாள். அன்று முதல் 'போறேன்' என்ற சொல் அவர் நாக்கில் ஏறியதில்லை. கடைக்குப் போனாலும் வரேன், கக்கூசுக்குப் போனாலும் வரேன்.

சுற்றிக் காட்ட ஒரு பெண் வந்தாள். மழைக்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, சிரிக்கவே கற்றுக்கொள்ளாத முகம். துரை இருந்த பங்களாவைக் காட்டினாள். கட்டில் ஒவ்வொன்றும் ஒரு கல்யாணக் கூட்டமே படுத்துப் புரளும் அகலம். பறித்த இலையை எடை போட்ட கொட்டகையைக் காட்டினாள். கண்டக்டர் பேசிக்கொண்டே நடந்தார். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கூட ஒரு ஆள் நடப்பதே அவருக்கு விருந்தாக இருந்தது. இரண்டு முறை சொன்ன ஜோக்கையே மறுபடியும் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதனால் என்ன, கேட்டாளே.

கடைசியில் லைன் வீடுகள். தொழிலாளிகளைக் குடிவைத்த நீளக் கட்டடம், தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகள். பெண் வாசலுக்கு எட்டவே நின்றுவிட்டாள்.

"நீங்க வரலையா?"

"நீங்க பாருங்க சார்."

குனிந்து உள்ளே போனார். வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. ஈரச் சாக்கு, பழைய புகை, யாரோ நெடுநேரம் கம்பளிக்குள் விட்டுவிட்டு இழுத்த மூச்சு, எல்லாம் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கியது. கண் பழகப் பழக, சுவர் நெடுகிலும், உட்கார்ந்த மனிதனின் முதுகு படும் உயரத்தில், எண்ணெய் ஏறிக் கறுத்துப் பளபளத்த ஒரு பட்டை தெரிந்தது. எத்தனை முதுகுகள் சாய்ந்திருக்கும். தொட்டுப் பார்த்தார். கல் சில்லென்று இருந்தது. பட்டை மட்டும் இதமாக இருந்தது.

வெளியே வரத் திரும்பினார். வாய் பழக்கம் விடுமா?

"சரி, போயிட்டு வரேன்."

"ம்."

எவ்வளவு வீட்டுத்தனமான 'ம்'! கை வேலையை விடாமல், தலை நிமிராமல், உரிமையுள்ளவர்கள் சொல்வார்களே, அந்த 'ம்'. கண்டக்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாசலுக்கு வந்து, "அட, 'ம்' கொட்டக்கூடத் தெரியுமா உனக்கு!" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் பெண். அவள் முகம் வெளுத்திருந்தது. "நீங்க என்ன சொன்னீங்க சார்?"

"போயிட்டு வரேன்னேன்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் காலத்துல ஊருக்குப் போறவங்க, வேலை வாங்குற கங்காணி முன்னாடி வாய்விட்டு 'வரேன்' சொல்லணும். சொல்லிட்டா வந்தே ஆகணும். வரலைன்னா லைன்ல இருக்கிறவங்களே தேடிப் போய்க் கூட்டிட்டு வருவாங்க. இல்லைன்னா அந்த ஆளோட வேலையும் இவங்க தலையில."

"அது அந்தக் காலம்."

"ஆமா சார். அந்தக் காலம்தான்." அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தாள்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"'வரேன்'னு சொல்லாதீங்கன்னு போர்டு வெச்சோம். வெச்ச அன்னைக்கே ஒரு காலேஜ் கூட்டம் வந்து, வேணும்னே அதையே கத்திட்டுப் போச்சு."

"அப்புறம்?"

"போர்டை எடுத்துட்டோம்." மழைக்கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். "எங்களுக்கு மரியாதை தெரியலைன்னு எல்லாரும் திட்டிட்டுப் போறாங்க. திட்டட்டும். 'போங்க'ன்னா யாரும் 'வரேன்'னு சொல்லிட மாட்டாங்களே. சார், உங்க காலைப் பிடிக்கிறேன், உள்ள போய் 'நான் போறேன், வர மாட்டேன்'னு சொல்லிடுங்க. வெளிச்சம் இருக்கும்போதே."

கண்டக்டர் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு தனியாக விழுந்தது. மறுபடி குனிந்து உள்ளே போனார். போறேன். மூன்றே எழுத்து. நாக்கை அசைத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் தெரிந்தது, மனைவியின் உதடு தெரிந்தது. இருட்டில் என்னவோ நகர்ந்தது. துணி உரசும் ஓசை. பஸ்ஸில் ஒருவருக்கு இடம் விட நாலு பேர் இடுப்பை அசைத்து ஒதுங்குவார்களே, அதே ஓசை. அந்த ஓசை அவருக்குத் தெரியாதா?

சொல்லாமலே வெளியே வந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்மா," என்றார்.

"போங்க சார்," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு அன்போடு அவரை யாரும் துரத்தியதில்லை.

இறங்கும் பஸ்ஸில் ஊசி குத்த இடமில்லை. அவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி. கூடையோடு வந்த ஒரு அம்மா அதில் உட்காரக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து, "ஐயோ, பார்க்கல," என்று காலி இருக்கையிடம் சொல்லிவிட்டு நகர்ந்து போனாள். கண்டக்டர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டார். இடது தோளில் ஈரச் சாக்கு வாடை. திரும்பவில்லை. சொல்லிவிட்டிருக்கலாம். இங்கிருந்தே சொன்னால் என்ன? உதட்டைப் பிரித்தார். தோளில் ஒரு கனம் சாய்ந்தது. களைத்துப்போனவர்கள் தூக்கத்தில் சாய்கிற மாதிரி. அதைத் தள்ள அவருக்குக் கை வரவில்லை. கடைசியாக அந்தத் தோளில் யார் சாய்ந்தார்கள்?

வீட்டுக்கு வரும்போது தெருவில் விளக்குப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் டிவி. பூட்டைத் திறந்தார். பழக்கத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். உள்ளே கால் வைத்து, கையைப் பின்னால் நீட்டிக் கதவைச் சாத்தினார்.

டிவி சத்தம் அறுந்தது.

சுவிட்சைத் தேடினார். சுவர் கையில் பட்டது. கல். கீழே தடவினார். முதுகு உயரத்தில் வழவழப்பு. இதம்.

கதவுக்குத் திரும்பினார். அங்கேயும் கல்.

"போறேன்," என்றார். வந்துவிட்டது. இப்போது வந்துவிட்டது. "நான் போறேன். வர மாட்டேன். போறேன்!"



கண் பழகியது. அவருடைய கூடம்தான். மனைவி ஆசையாய்ப் போட்ட மொசைக் தரைதான். ஆனால் சுவர் முடியவில்லை. போய்க்கொண்டே இருந்தது. அதில் முதுகைச் சாய்த்து வரிசையாக அவர்கள். தோளோடு தோள். மடிமேல் கம்பளி. எல்லா முகமும் அவர் பக்கம். கோபம் இல்லை. காத்திருந்த களைப்பு மட்டும்.

நடுவில் இருந்த ஒரு பெண்பிள்ளை மெல்ல நகர்ந்தாள். பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார். கம்பளி விலகியது.

முழங்காலுக்குக் கீழே கால்கள் இல்லை. வேர்கள். கறுத்து, முறுக்கேறி, மொசைக்கைப் பிளந்து மண்ணுக்குள் இறங்கிய வேர்கள்.

அவர்கள் விட்ட இடத்தில் ஒரு குழி. தேயிலை நாற்று நடும் குழி. அளவாக வெட்டி, மண்ணைப் பொடித்து, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். தண்ணீர் இன்னும் வடியவில்லை.

அவர் வெறுங்காலின் விரல் இடுக்குகளில் சேறு, ஒவ்வொரு விரலாக, மேலே ஏறிக்கொண்டிருந்தது.