நகர்ந்த பாலம்

மகளைக் குளிப்பாட்டித் துவட்டும்போதுதான் அவள் இரு தோள்களிலும் சிவந்த தடங்களைப் பார்த்தான்.

"ஸ்கூல் பைதாங்க. அதுல புத்தகமா வெக்கிறா, செங்கல்லா?" என்றாள் மனைவி.

அவனும் சிரித்தான். ஆனால் பைப்பட்டை வயிற்றுப்பக்கம் வராது. இந்தத் தடங்கள் கீழிறங்கித் தொப்புளுக்கு மேலே கூடின. விமானியை இருக்கையோடு கட்டும் பட்டைகள் அப்படித்தான் கூடும்.

மகளைப் பின்னறையில் தூங்கவைத்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தான். வெளியே மழை. போரில் விழுந்த விமானங்களைத் தேடுவது அவன் தொழில். போர்க்காலத்தில் வானிலிருந்து எடுத்த படத்தை இன்றைய வரைபடத்தின்மேல் போட்டு, மாறாத ஒன்றைப் பிடித்துப் பொருத்த வேண்டும். இப்போது தேடுவது அவன் ஊர் ஏரியிலேயே விழுந்த ஒன்றை. இங்கே எல்லாமே மாறிவிட்டது. ஏரியைத் தூர்த்து வீடுகள் கட்டிவிட்டார்கள். மிஞ்சியது ஆற்றுப்பாலம்தான். அதை நம்பித் தோண்டிய இடத்தில் துருப்பிடித்த குழாய்தான் கிடைத்தது. ஏரிச்சேற்றில் மூக்கு குத்தி இறங்கிய விமானம், உள்ளேயிருந்து வெளிவராத விமானியோடு, வேறெங்கோ கிடந்தது.

சர்வேயர் போன் செய்தார்.

"அந்தப் பாலத்தையாய்யா நம்புன? பழசு வெள்ளத்துல போச்சு. இது தள்ளிக் கட்டுனது. பழைய தூண் இன்னும் ஆத்துக்குள்ள மொட்டையா நிக்குது, கொக்கு உக்காந்திருக்கும் பாரு."

பழைய படத்தைப் பிடித்து, அதிலிருந்த பாலம் அந்தத் தூண்மேல் பொருந்தும்படி இழுத்தான். விமானம் விழுந்த புள்ளியும் கூடவே நகர்ந்தது. சந்தையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, அவன் தெருவுக்குள் நுழைந்து, அவன் வீட்டின் பின்னறைமேல் நின்றது.

அப்போதுதான் அந்த வாடை. முதலில் பெட்ரோல், அதற்கடியில் அழுகிய சேறு, அதற்கும் அடியில் தீய்ந்த தோல்.

பின்னறைக் கதவு மூடியிருந்தது. அவன் மூடவில்லை.

"குட்டிம்மா, கதவத் தொறடா!"

"எந்திரிக்க முடியலப்பா. இறுக்குது."

மனைவி சாவியோடு ஓடிவந்தாள். சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. தோளால் இடித்தான். உள்ளேயிருந்தும் யாரோ இடித்தார்கள். கனத்த இடி. தரைமட்டத்திலிருந்து.

"பாப்பா கட்டில்லதான இருக்கா," என்றாள் மனைவி. "அப்ப இடிக்கிறது யாருங்க?"

வெளியே ஓடினான். மழை. ஜன்னல். கம்பியைப் பிடித்து உலுக்கினான். கண்ணாடியை உடைத்தான். உள்ளிருந்து சேறு வழிந்து அவன் கால்மேல் கொட்டியது. அறையில் தரை இல்லை. கட்டில் இல்லை.

மகள் இருந்தாள். மார்புவரை சேற்றில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரு தோள்களிலும் அகலப் பட்டைகள். அவளுக்குப் பின்னாலிருந்து, தோல் கையுறை போட்ட இரண்டு கைகள் சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்து பட்டைகளைப் பிடித்தன.

கழற்றுகின்றன என்று நினைத்தான். ஒரு கணம் அப்படித்தான் நினைத்தான்.

"அப்பா," என்றாள்.

கைகள் இன்னும் ஒருமுறை இறுக்கின.