பட்டியலில் மூன்றாவது வரி

இரண்டு வரிதான் இருக்க வேண்டும். திரையில் மூன்று இருந்தது.

தனபால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். காலையில் ஏற்றிய புதுக் கெர்னல், கம்ப்யூட்டரை எழுப்பி ஓட்டுகிற அடிப்படை நிரல், ஒரு வரி. அதற்கு முந்தையது ஒரு வரி. அவற்றின் கீழே, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் கையாலேயே அழித்துப்போட்ட கெர்னல், ஓர் எண்கூட மாறாமல் உட்கார்ந்திருந்தது. பழைய குப்பை எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு முதல் வரியைத் தட்டினான். கோப்பு கிடைக்கவில்லை, முதலில் கெர்னலை ஏற்று என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. இரண்டாவதைத் தட்டினான். அதே பதில்.

"நல்ல நாளும் அதுவுமா உனக்கு இதே பொழப்பா?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினான்.

நல்ல நாள்தான், ஆடிப் பதினெட்டு. குஞ்சு வாங்க ஒரு வண்டியும் வராத நாள் என்பதால், அன்றைக்குத்தான் கம்ப்யூட்டரில் கை வைப்பது அந்தப் பொரிப்பகத்தின் வழக்கம். புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவில், ஜன்னலே இல்லாத நீளக் கட்டடம். வேலையாட்கள் எல்லோரும் குடும்பத்தோடு வேன் பிடித்து மேட்டூருக்குப் போயாகிவிட்டது. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே ஒரே ஒரு டியூப் லைட். அவனுக்கு எதிரே நான்கு செட்டர்கள், ஆள் நுழைந்து நிற்கிற அளவுக்கு அடைகாக்கும் அறைகள், கதவில் சின்னக் கண்ணாடியோடு வரிசையாக நின்றன. அவற்றின் விசிறிகளை ஓட்டுவது இந்தக் கம்ப்யூட்டர்தான். அது எழுகிறவரை சுவர் சுவிட்சைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். சூடு இரண்டு டிகிரி ஏறினால் போதும், முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துவிடும்.

போன் அடித்தது. ஜோதி.

"ஏனுங்க, ஓமலூர் தாண்டிட்டமுங்க. சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்ல அம்மிணி. இது பூட் ஆகமாட்டேங்குது."

"நீங்களும் வந்திருக்கலாமுங்க. ரெண்டு வருசமா மேட்டூர்ப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல."

"வேலை கெடக்குது."

"செரி, படகுல ஏறறதுக்கு முன்னால ஒருக்கா கூப்புடறேன். எடுக்காட்டி வேலையா இருக்கறீங்கன்னு உட்டுருவேன். ராத்திரி ஊட்டுக்கு வந்துருவோமுங்க."

போனை மேசைமேல் வைத்தான். அவள் குரல் போனதும் கட்டடம் முன்னைவிடப் பெரிதாகிவிட்டது போலிருந்தது. இத்தனை பெரிய இடத்தில் மூச்சு விடுவது தான் ஒருத்தன் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டான்.

பென் டிரைவைச் செருகி அதிலிருந்து லினக்ஸை எழுப்பினான். டிஸ்க்கைத் திறந்து, பூட் பகுதிக்குள் போய்ப் பார்த்தான். புதுக் கெர்னல் இல்லை, முந்தையதும் இல்லை. அழித்த அந்த ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. இரண்டையும் மறுபடி நிறுவினான், பட்டியலைப் புதிதாக எழுதச் சொன்னான், மூன்றாவதை அழித்தான், நன்றாகப் பார்த்துத்தான் அழித்தான், பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி பூட் செய்தான்.

மூன்று வரி.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கிருமி கொல்லும் ஃபார்மலின் நெடிக்கும் முட்டை ஓட்டின் ஈர நெடிக்கும் நடுவில், மூக்குப்பொடி. பின்னாலேயே ஒரு சத்தம். டக், டக். தகர டப்பியை விரலால் தட்டுகிற சத்தம்.

சின்னுசாமி அப்படித்தான் தட்டுவார்.

பாவி மனுஷன், தங்கமான மனுஷன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆடிப் பதினெட்டில் காவலுக்கு நின்றவர். அன்றைக்கும் காலையில் தனபால் கெர்னல் ஏற்றினான், வேன்காரன் ஹாரன் அடித்தான் என்று மிஷின் ஒழுங்காக எழுகிறதா என்று பார்க்காமலே கிளம்பினான். "நீ போயிட்டு வா சாமி, நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தவர் அவர். புதுக் கெர்னல் பாதியில் நின்றது, விசிறிகள் நின்றன. சுவர் சுவிட்ச் அப்போது கிடையாது, கையால் ஓட்டலாம் என்று நாலாம் செட்டருக்குள் போனவர் பின்னால் வெளிக்கொண்டி விழுந்துவிட்டது. உள்ளே இருந்து போனில் கூப்பிட்டார். தனபால் மேட்டூர் அணைக்கரையில் வறுத்த மீனும் கையுமாக இருந்தான். சின்னுசாமி என்ற பெயரைப் பார்த்தான், ஏதாவது வேலை சொல்வார் என்று போனைக் கவிழ்த்து வைத்தான். பதினொரு முறை. சாயங்காலம் கதவைத் திறந்தபோது அவர் சூட்டில் மூச்சடைத்து, முட்டைத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்த வாக்கில் செத்திருந்தார். "சிக்னலே இல்லீங்க" என்று முதலாளியிடம் சொன்னான். தன்மேல் பழி வரக்கூடாது என்று மறுநாளே அந்தக் கெர்னலை அழித்தான். ஜோதிக்குக்கூட இது தெரியாது.

டக், டக்.

நாலாம் செட்டர் கதவின் மேலிருந்த மீட்டர் நூற்றியொரு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, இருக்கவேண்டியதைவிட ஒன்று அதிகம். உள்ளே விசிறி எதிலோ உரசிக்கொண்டு ஓடியது.

போகாதே என்றது மனசு. ஆனால் பத்தொன்பது நாள் முட்டை, உள்ளே உயிரோடு இருக்கிற குஞ்சு. இன்னொரு தடவை அந்த அறையில் எதுவும் சாகக்கூடாது என்று நினைத்தான், அதை நிஜமாகவே நினைத்தான். அந்தச் சாவுக்கு அப்புறம் உள்பக்கமும் கைப்பிடி வைத்திருக்கிறார்களே என்ற தைரியம் வேறு. கதவுக்கு முட்டுக் கொடுக்க ஒரு முட்டை டிரேயை வைத்துவிட்டு நுழைந்தான். விசிறியில் ஒரு துண்டு சிக்கியிருந்தது. பச்சைக் கரை போட்ட காவல்காரத் துண்டு. ஈரமாக.

பின்னால் டிரே இழுபடும் சத்தம்.

கதவு மூடியது.

கைப்பிடியைத் திருப்பினான். சுற்றியது. சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. பாக்கெட்டைத் தடவினான். போன் மேசைமேல்.

கண்ணாடியில் முகத்தை வைத்தான். அவன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. தோளில் துண்டு இல்லை.

"அண்ணா," என்றான். "அண்ணா, தெரியாமப் பண்ணிட்டேன். கதவத் தொறங்க."

திரையில் மூன்று வரி. வெளிச்சக் கட்டம் முதல் வரியில் நின்றது. இரண்டாவதற்கு இறங்கியது. மூன்றாவதற்கு இறங்கியது.

ஒரு விரல் தட்டியது.

சுவர் சுவிட்சை யாரும் தொடவில்லை. ஆனாலும் விசிறி மெதுவானது. நின்றது. அந்த நிசப்தத்தில், தட்டுத் தட்டாக, ஓட்டுக்குள் இருந்து குஞ்சுகள் கீச்சிட ஆரம்பித்தன.

மேசைமேல் போன் எரிந்தது. ஜோதியின் படம். சிரிக்கிற படம்.

"ஜோதி!" கண்ணாடியைக் குத்தினான். "ஜோதி!"

நாற்காலியில் இருந்தவர் போனை எடுத்தார். பெயரைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார்.