தெளிந்த முகம்

காலை ஒன்பது பத்து. டீச்சரின் முகம் துடைத்த கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. வார்டே அவரைப் பார்த்துச் சிரித்தது. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"பருவெல்லாம் எங்கம்மா?"

"போயே போச்சு டாக்டர். கல்யாணத்தப்ப பாத்த மூஞ்சி திரும்பி வந்துருச்சுன்னு வீட்டுக்காரர் சொல்றார். அன்னைக்கு அவர் என் மூஞ்சியைப் பாத்த மாதிரியே ஞாபகமில்லை."

டாக்டரம்மா ஸ்டாண்டில் தொங்கிய மருந்துப் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே ஆய்வகத்துக்கு நடந்தார்.

டீச்சருக்குப் பெருங்குடலில் புற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியே மருந்து ஏறும். ஏறத் தொடங்கியதுமே முகமெல்லாம் பரு வெடித்தது, கட்டி சுருங்கியது. 'பரு வந்தா மருந்து கேக்குது' என்பது அந்த வார்டின் வேதவாக்கு. இப்போது பரு போய்விட்டது. நேற்றைய ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது.

பதினோரு மணிக்கு ஆய்வகம் பதில் சொன்னது. பையில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர்.

மருத்துவமனையின் பாதுகாப்பு அதிகாரியை எல்லோரும் 'பழைய போலீஸ்' என்பார்கள். ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். அவர் மனைவி இதே வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் அவருக்கு உறைத்ததில்லை. இதுவும் உறைக்கவில்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"பார்மசியில இன்னும் ஒரே டோஸ் இருக்கு," என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கே ஏத்தியாகணும். ஆனா குப்பியிலயே தண்ணியை மாத்தி வச்சிருந்தா? திறந்து சோதிச்சா ஏத்த முடியாது. சோதிக்காம ஏத்தி, அதுவும் தண்ணியா இருந்தா, அந்தம்மாவை நாமளே கொன்னதா அர்த்தம். மருந்து எந்தக் கையில மாறுச்சுன்னு தெரியணும்."

"எத்தனை கை?"

"மூணு. பார்மசிக்காரர் கலக்குவார். அட்டெண்டர் கொண்டு வருவார். பெரிய சிஸ்டர் மாட்டுவாங்க."

"மருந்து என்ன செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"செல்லோட மேல்தோல்ல காலிங்பெல் பொத்தான் மாதிரி ஒண்ணு இருக்கு. வளர்ச்சிச் சரக்கு வந்து அதை அமுக்கினா உள்ள மணியடிக்கும். 'பெருகு'ன்னு அர்த்தம். இந்த மருந்து அந்தப் பொத்தான் மேல டேப் மாதிரி ஒட்டிக்கும். மணி அடிக்காது. ஆனா அதே பொத்தான் நல்ல தோல்லயும் இருக்கு. அதான் பரு."

"அப்ப திருடினவன் தனக்கே போட்டிருந்தா, அவனுக்கும் பரு வரும்."

"வரும். ஆனா சாதாரணப் பரு மாதிரி கரும்புள்ளி இருக்காது."

பன்னிரண்டு மணி. பார்மசிக்கார இளைஞனின் கன்னம் முழுக்கப் பரு. பழைய போலீஸ் அவனை விளக்கின் அடியில் நிறுத்தினார்.

"எத்தனை நாளா, தம்பி?"

"பத்தாவது படிக்கிறப்பவே இருக்கு சார். பொண்ணு பாக்கப் போனா அவங்கம்மாவே வைத்தியம் சொல்றாங்க."

மூக்கு நுனி முழுக்கக் கரும்புள்ளி. அவனை அனுப்பிவிட்டார்.

அட்டெண்டருக்கு வாய் நிற்கவில்லை. "ஐயா, பெட்டியைத் தூக்குறதுதான் என் வேலை. உள்ள மருந்தா மோரான்னு எனக்குத் தெரியாது. கேமராவைப் பாருங்க, வழியில ஒரு டீக்கு நின்னிருந்தாக்கூடத் தெரியும்."

கேமரா அவன் சொன்னதையே சொன்னது. அது வார்டு வாசல் வரைதான். உள்ளே நோயாளிகள் உடை மாற்றும் இடம்; கேமரா கிடையாது.

பெரிய சிஸ்டர் முகக்கவசத்துக்கு மேலே மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். பேசும்போதே அதைக் கழற்றிக் கண்ணுக்கு நேராக உள்பக்கத்தைத் துடைத்தார். விரல் நுனிகளில் பிளாஸ்திரி.

"கைக்கு என்ன?"

"நாளெல்லாம் சானிடைசர்ல கழுவுற கை, சார். வெடிச்சுப் போச்சு."

"கண்ணாடி?"

"மாஸ்க் போட்டா ஆவி படியும்."

வாசலில் நின்ற அட்டெண்டர் விடவில்லை. "அக்கா இப்பல்லாம் கண்ணுக்கு என்னமோ தீட்டுறாங்கய்யா. சினிமா இமை!"

"உன் வேலையைப் பாருடா, தடிமாடு," என்றார் சிஸ்டர். குரலில் கோபம் கூட இல்லை.

மூன்று மணி. பழைய போலீஸ் டீச்சரின் கட்டிலருகே உட்கார்ந்தார். கேட்க ஒன்றுமில்லை, கால் வலித்தது.

"முகம் மட்டுமில்லை சார்," என்றார் டீச்சர். "விரல் வெடிப்பு ஆறிருச்சு. இமை முடி நீளமா வளந்து கண்ணாடியில உரசும், வாரா வாரம் வெட்டணும். அந்தத் தொல்லையும் விட்டுச்சு."

பழைய போலீஸ் எழுந்துகொண்டார்.

நாலு மணி. செவிலியர் அறை. டாக்டரம்மாவும் கூட வந்தார்.

"மாஸ்க்கைக் கழட்டுங்க, சிஸ்டர்."

கழற்றினார். தாடையெங்கும் சிவந்த பருக்கள். ஒன்றில்கூடக் கரும்புள்ளி இல்லை.

"நான் பருவையே தேடிட்டிருந்தேன்," என்றார் பழைய போலீஸ். "அதை நீங்க மறைச்சிட்டீங்க. இமையை மறைக்க முடியலை. ஆவி படிஞ்சா கண்ணாடி முழுக்கப் படியும். நீங்க துடைச்சது கண்ணுக்கு நேரா உள்பக்கம் மட்டும். இமை உரசுற இடம். பையை வார்டுக்குள்ளதான் மாத்தியிருக்கீங்க. லேபிளைப் பிச்சு வேற பையில ஒட்டி. அது உங்களுக்குப் பரு வரவச்சதுன்னா, குப்பியில இருக்கிறது நல்ல மருந்து."

வேலியே பயிரை மேய்ந்த கதை. டாக்டரம்மா பார்மசிக்குப் போன் செய்து கலக்கச் சொன்னார்.

"உங்களுக்கும் குடலா?" என்று கேட்டார் பிறகு.

"ஆமா டாக்டர். வேற ஆஸ்பத்திரியில பாத்தேன். ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு, இந்த மருந்து எனக்கு எடுபடாதுன்னுட்டாங்க."

"அது தெரிஞ்சுமா? உங்க கட்டியில வயரே ஒட்டிக்கிட்டு மணி தானா அடிக்குது. பொத்தான் மேல எத்தனை டேப் ஒட்டினாலும் நிக்காது. தோல்ல வயர் நல்லா இருக்கு, அதனால பரு மட்டும் வந்திருக்கு."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க." சிஸ்டர் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "ஆனா பரு வந்துச்சே, டாக்டர். நாமதானே எல்லார்கிட்டயும் சொல்லுவோம்?"



ஐந்து மணிக்குப் புதுப் பை தொங்கியது. சின்ன சிஸ்டர் ஒருத்தி நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள்.

"பெரிய சிஸ்டரைக் கூப்பிடேம்மா," என்றார் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவங்க குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிகூடத் தெரியாது."

"அவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க," என்றார் பழைய போலீஸ்.

"அடுத்த தடவை வருவாங்கல்ல?"

நான்காவது குத்தில் ரத்தம் வந்தது. மருந்து சொட்டத் தொடங்கியது. பழைய போலீஸ் ஸ்டாண்டின் அருகிலேயே நின்று, பை காலியாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.